பெயர் முந்தியதா, கதை முந்தியதா?

ஆவடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், பலர் சட்டென்று ஒரு விடை சொல்வார்கள். ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்தால் ஆவடி கிடைக்கிறது; ஊரில் டாங்கித் தொழிற்சாலையும் இருக்கிறது; இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பார்கள். ஆனால் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது 1961-இல். அதில் உருவான முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். அதற்கு முன்பே, 1955 ஜனவரியில், யு.என்.தேபர் தலைமையில் இந்திய தேசிய காங்கிரஸ் அந்த ஊரில் கூடியது. சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. காமராஜர் அப்போது முதலமைச்சர். அரசியல் வரலாறு அதை ஆவடித் தீர்மானம் என்றுதான் அழைக்கிறது. தொழிற்சாலைக்கு முன்னால் ராணுவக் கிடங்கு இருந்ததே, அதிலிருந்து வந்திருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குப் பெயரின் ஒலியே விடை சொல்லும். அந்த ஆங்கில எழுத்துகளைக் கோத்துப் படிப்பவர் ‘அவாடி’ என்றோ ‘அவடி’ என்றோ படிக்கலாம். முதலில் நெடிலும் நடுவில் குறிலுமாக ஆவடி என்று சொல்ல அவற்றில் ஒரு குறிப்பும் இல்லை. தமிழ்ப் பெயர் முதலில் இருந்தது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதிய எழுத்துகளுக்குப் பொருத்தமாக ஒரு தொடர் பிறகு தேடிப் பிடிக்கப்பட்டது.

தவறான இந்தக் கதையை ஒதுக்கிவிட்டுப் போய்விடாமல் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஊர்க்கதை ஒன்று எப்படிப் பிறக்கிறது என்பதை நம் காலத்திலேயே பார்க்க முடிகிற அரிய வாய்ப்பு இது. ஒரு பெயர் வழக்கில் இருக்கிறது. அதன் பொருள் பேசுகிறவர்களுக்கு மறந்துவிட்டது. ஊரில் எல்லார் கண்ணிலும் படும் பெரிய அடையாளம் ஒன்று எழுகிறது. பெயரையும் அடையாளத்தையும் மக்கள் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அருகிலேயே உள்ள அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. ஆனால் அந்தப் பெயரை எந்த ஆலையோடும் யாரும் முடிச்சுப் போடவில்லை, எழுத்துகள் இடம் கொடுக்கவில்லை. ஆக, எந்தக் கதை பிறக்கலாம், எது பிறக்க முடியாது என்பதைப் பெயரே முடிவு செய்கிறது. சென்னையின் மேற்குப் புறத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயல், திருநின்றவூர், திருவேற்காடு, மாங்காடு என்று விரியும் இந்தப் பகுதியின் பழங்கதைகளையும் இதே கண்ணோடு பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். ஊரின் பெயர் கதையிலிருந்து பிறப்பதில்லை. பெரும்பாலும் கதைதான் பெயரிலிருந்து பிறக்கிறது. அதனால் கதை மதிப்பிழந்து போவதுமில்லை. பெயர் பிறந்த காலத்தைப் பற்றி அது சொல்லாவிட்டாலும், கதை பிறந்த காலத்தைப் பற்றி நிறையவே சொல்கிறது.

எல்லாச் சொற்களுக்கும் பொருள் உண்டு என்று வகுத்த தொல்காப்பியரே, ஒரு சொல் அந்தப் பொருளை ஏன் குறிக்கிறது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை ஊர்ப்பெயர்களுக்கு மிகவும் பொருந்தும். உலகின் மறுபக்கத்தில் கிரேக்கத் தீவுகளும் இதையே காட்டுகின்றன. ரோட்ஸ் தீவைப் பற்றி கி.மு. 464-இல் பாடிய பிண்டார் என்னும் கவிஞர், தேவர்கள் உலகைப் பங்கிட்டபோது அங்கே இல்லாத கதிரவன், கடலடியிலிருந்து எழவிருந்த தீவைத் தன் பங்காகக் கேட்டுப் பெற்று, ரோடோஸ் என்ற தெய்வமகளைச் சேர்ந்தான் என்கிறார். அத்தீவின் காசுகளிலோ ரோஜா மலர் பொறித்திருக்கிறது, ஏனென்றால் ரோஜாவுக்கான கிரேக்கச் சொல்லும் அதே ஒலி கொண்டது. ஒரே பெயரிலிருந்து ஒரு பெண்ணும் பிறந்தாள், ஒரு பூவும் பிறந்தது. மெழுகுச் சிறகோடு பறந்து கடலில் விழுந்த இக்காரஸின் பெயரால் இக்காரியா என்று ஒரு தீவு இருக்கிறது; அதற்கு முந்தைய பெயர் டோலிக்கே, ‘நீண்டது’ என்று பொருள் என்பதையும் கிரேக்கர்களே எழுதி வைத்தார்கள். நிலப்படத்தில் பார்த்தால் தீவு நீண்டுதான் கிடக்கிறது. இன்று சான்டோரினி எனப்படும் தீவை ஒரு காலத்தில் கல்லிஸ்டே, ‘மிக அழகியது’ என்றார்கள்; ஸ்பார்ட்டாவிலிருந்து வந்து குடியேறிய தேராஸ் பெயரால் தேரா ஆயிற்று என்கிறார் ஹெரோடோட்டஸ்; பின்னர் புனித ஐரீன் பெயரால் சான்டோரினி ஆயிற்று. நிலத்தின் தோற்றம், குடியேறிய தலைவன், வழிபடும் தெய்வம் என மூன்று காலங்கள் ஒரே தீவின் மேல் மூன்று பெயர்களாகப் படிந்திருக்கின்றன. இங்கும் அதே அடுக்குகள் உண்டு. கடல் சூழ்ந்த தீவுகளுக்குப் பதிலாக ஏரிகள் சூழ்ந்த ஊர்கள், அவ்வளவுதான்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கும் திருமுல்லைவாயல் கோயிலின் கதை இப்பகுதியிலேயே மிகப் புகழ்பெற்றது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர் தலைவர்களான ஓணன், வாணன் ஆகியோர் மீது தொண்டைமான் என்ற மன்னன் படையெடுத்தான். போரில் பின்வாங்கி வரும் வழியில் அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. கொடியை வாளால் வெட்டினான், ரத்தம் பீறிட்டது, புதருக்குள் லிங்கம் வெட்டுப்பட்டிருந்தது. செய்த பாவத்துக்குத் தன் தலையையே கொய்துகொள்ள முனைந்தபோது இறைவன் வெளிப்பட்டு, நந்தியைத் துணைக்கு அனுப்பி வெற்றி தந்தார். அதனால்தான் இங்கே நந்தி, இறைவனை நோக்காமல் போருக்குப் புறப்படும் நிலையில் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது என்பார்கள். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லி இரண்டு எருக்கந்தூண்களைக் கருவறையின் முன்பக்கம் இன்றும் காட்டுகிறார்கள். வெட்டுக்காயத்தின் வெம்மை தணிய லிங்கத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. அம்மனின் பெயர் கொடியிடை நாயகி. மன்னனின் யானையைக் கட்டிப்போட்ட கொடி, அம்மனின் இடைவரை படர்ந்திருக்கிறது.

இந்தக் கதை அண்மையில் கட்டிவிட்டதன்று. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கருதப்படும் சுந்தரர், இத்தலத்தைப் பாடிய பதிகத்திலேயே தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சூழ்ந்த செய்தியைக் குறிப்பிடுகிறார். அப்படியென்றால் குறைந்தது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இந்தக் கதை வழங்கி வருகிறது. இவ்வளவு பழமையான கதையே ஊர்ப்பெயருக்குக் காரணம் என்று ஏற்றுக்கொள்வதில் என்ன தடை என்று கேட்கத் தோன்றும். தடை சீர்காழிக்கு அருகே கடற்கரையில் இருக்கிறது. அங்கும் ஒரு திருமுல்லைவாயில். ஞானசம்பந்தர் பாடிய தலம். இரண்டையும் பிரித்துச் சொல்லவே ஒன்றை வடதிருமுல்லைவாயில் என்றும் மற்றதைத் தென்திருமுல்லைவாயில் என்றும் சொல்கிறார்கள். தெற்கே உள்ள தலத்தின் கதையில் வருபவன் கிள்ளிவளவன் என்னும் சோழன். யானைக்குப் பதில் குதிரைகள். அவற்றின் குளம்புகள் முல்லைக்கொடியில் சிக்கின, கொடியை வெட்டினார்கள், ரத்தம் வந்தது, லிங்கம் தென்பட்டது, அரசன் தன் உயிரைப் போக்கிக்கொள்ளத் துணிந்தான், இறைவன் காட்சி தந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. அரசன் வேறு, நாடு வேறு, பகைவர் வேறு. ஒன்றாக இருப்பவை பெயரும் கொடியும் மட்டுமே.

ஒரு தலத்தின் கதையை இன்னொரு தலத்தார் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றால், அதுவும் நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதை எத்தனையோ ஊர்களைத் தாண்டி இந்த ஊரில் வந்து ஏன் ஒட்டிக்கொண்டது? முல்லைவாயில் என்ற பெயர் இரண்டிடத்திலும் இருந்ததுதான் காரணம். இரவல் வாங்கிய கதையானாலும் தானே முளைத்த கதையானாலும், அது வேர்பிடிக்கப் பெயர் முன்பே அங்கு இருந்தாக வேண்டும். முல்லை படர்ந்த நுழைவிடம் என்று எளிதில் பொருள் தரும் பெயர் அது. அந்த எளிய பொருளோடு மக்கள் நிறைவடையவில்லை. தெய்வம் வெளிப்பட்ட இடத்தின் பெயருக்கு அதற்கேற்ற காரணம் வேண்டும் என்று நினைத்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளாக இம்மண்ணின் பெயரான தொண்டை என்பதுகூடக் கொடியின் பெயர்தான். தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி, நாகர்குலப் பெண் தன் மகனைத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் அனுப்ப, திரை அவனைக் கரை சேர்த்தது என்று பழைய உரையாசிரியர்கள் கதை சொல்கிறார்கள். தொண்டைக்கு ஒரு கொடிக்கதை, திரையனுக்கு ஓர் அலைக்கதை: பெயரின் இரண்டு பாதிகளும் ஒரே கதைக்குள் அடங்கிவிட்டன.

பெயரிலிருந்து பிறந்தது என்று தெரிந்த பிறகு கதையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்பவர்களுக்கும் திருமுல்லைவாயல் விடை வைத்திருக்கிறது. முல்லைக்கொடியைப் பெயர் தந்தது. ஓணனையும் வாணனையும் புழல் கோட்டையையும் எருக்கந்தூண்களையும் பெயர் தரவில்லை. அவை வேறிடத்திலிருந்து வந்தவை. ஆடு மேய்த்து, கோட்டைகள் எழுப்பி வாழ்ந்த குறும்பர் என்ற மக்கள் தொண்டை மண்டலத்தில் பழங்காலத்தில் ஆட்சி செலுத்தினார்கள் என்ற செவிவழி நினைவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று எழுதிச் சேர்த்தார்கள். 1893-இல் குஸ்தாவ் ஓப்பர்ட் தம் நூலில் புழல் குறும்பரைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் குறிப்புகளில் குறும்பரை வென்றவன் ஆதொண்டை, குலோத்துங்க சோழனின் மகன் என்று வருகிறது. முதல் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்தது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சுந்தரர் தொண்டைமானைப் பாடியது அதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் முன்பு. கதை அதேதான், வென்றவன் மட்டும் மாறியிருக்கிறான். சோழர் கை ஓங்கிய பிறகு பழைய வெற்றி சோழ இளவரசன் கணக்கில் எழுதப்பட்டது. வென்றவர் சொல்லிய கதை இது என்பதையும் மறக்கக் கூடாது. தோற்றவர்களுக்கு அதில் இரண்டு பெயர்களும் இரண்டு தூண்களும்தான் மிச்சம். வேளாண் ஊர்கள் மேய்ச்சல் மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்ட நெடிய மாற்றத்தின் தடம் என்று இதைப் படிப்பதற்கு நல்ல இடம் இருக்கிறது. யானையின் காலில் சிக்கிய கொடியை வரலாறாகக் கொள்ளாமலே இவ்வளவும் நமக்குக் கிடைக்கிறது.

திருநின்றவூரில் கால வரிசையை இன்னும் துல்லியமாகக் காட்டலாம். வைகுண்டத்தை விட்டு வந்த திருமகள் இங்கே வந்து நின்றாள்; ‘திரு’ நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர் என்பது தலவரலாறு. அவளை அழைத்துப்போக வந்த சமுத்திரராஜன் ‘என்னைப் பெற்ற தாயே’ என்று அழைத்ததால், பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு இன்றும் என்னைப் பெற்ற தாயார் என்றே பெயர். சொல்லும்போதே நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் இதில் ‘திரு’ என்பது பெயரின் பிரிக்க முடியாத பாதி. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பூசலாரைக் குறிப்பிடும்போது ஊரை நின்றவூர் என்கிறார். திருமங்கையாழ்வாரும் நின்றவூர் என்றே பாடுகிறார். சைவம், வைணவம் இரண்டின் பழைய சாட்சிகளும் ஒருமித்துச் சொல்வது நின்றவூர். யாப்புக்காகத் ‘திரு’வை விட்டிருக்கலாமே என்று வாதிடலாம். ஆனால் வேற்காடும் முல்லைவாயிலும் ஒற்றியூரும் ஆலங்காடும் பாடல் பெற்றதால் முன்னொட்டாகத் ‘திரு’ பெற்றவை. அந்த ஊர்களிலெல்லாம் அதைத் திருமகள் என்று யாரும் விரித்ததில்லை. நின்றவூரில் மட்டும் அப்படி விரிக்க முடிந்ததற்குக் காரணம், அடுத்து வந்த ‘நின்ற’ என்ற சொல் ஓர் எழுவாயைக் கேட்டு நின்றதுதான். நின்றது யார் என்ற கேள்விக்கு, மரியாதைக்காகச் சேர்ந்த சொல்லே விடையாகிவிட்டது. இறைவனும் இங்கே நின்ற திருக்கோலத்தில்தான் இருக்கிறார் என்பதால், பழைய விடை வேறாக இருந்திருக்கவும் கூடும்.

அதே ஊரில் வேறு வகைக் கதையும் உண்டு. சிவனுக்குக் கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றார். மன்னன் தேடி வந்தபோது ஊரில் கோயிலே இல்லை. இந்தக் கதையில் ஊர்ப்பெயருக்கு விளக்கமே கிடையாது; வேறெந்த ஊரில் நடந்திருந்தாலும் கதை கெடாது. பெயரின் ஒலியைச் சார்ந்து நிற்கும் கதை ஒரு வகை. ஒரு மனிதரைச் சார்ந்து நிற்கும் கதை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் மனித நினைவு மிகுதியாகத் தங்க வாய்ப்புண்டு. பூசலார் என்ற அடியவரை எட்டாம் நூற்றாண்டே அறிந்திருந்தது. அந்த ஒற்றைக் குறிப்பைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் முழுக் காவியக் காட்சியாக வளர்த்தவர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அவரும் இப்பகுதியிலேயே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். அரசன் கட்டிய கல்லைவிட ஏழை கட்டிய நினைவு உயர்ந்தது என்று ஓர் அரசவைப் புலவர் எழுதத் துணிந்தார் என்பது, எந்தப் பெயர் ஆராய்ச்சியையும் விடப் பெரிய செய்தி.

மரப்பெயர்களுக்கு வருவோம். திருவேற்காட்டில் நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று சிவனை வழிபட்டன என்பது ஐதீகம். இறைவன் பெயர் வேதபுரீசுவரர். தலமரம் வெள்வேல மரம். வேலங்காடு என்ற நிலம் முதலா, வேதபுரி என்ற பெயர் முதலா? இதற்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர் சான்று சொல்கிறது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய அந்த ஊருக்குப் பழவேற்காடு என்று பெயர். அங்கும் வேற்காடுதான், அங்கே வேதங்கள் மரமான கதை பெயருக்குத் தேவைப்படவில்லை. மாங்காட்டில், ஒற்றைக் காலில் நெருப்பின் நடுவே தவமிருந்த காமாட்சி அங்கிருந்து காஞ்சிக்குச் சென்று இறைவனை மணந்தாள் என்கிறார்கள். பெயரோ மாமரக் காடு. பருத்திப்பட்டு என்றால் பருத்தி. திருவாலங்காடு என்றால் ஆல். ஆலங்காட்டிலிருந்து மாங்காடு வரை வரிசையாகத் தாவரப் பெயர்களாகவே அமைந்திருக்கும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனி அற்புதத்தால் விளக்குவதைவிட, ஊர் அமைத்தவர்கள் கண்ணெதிரே நின்ற மரத்தைச் சொல்லி இடத்தைக் குறித்தார்கள் என்று கொள்வதே பொருந்தும். காடு வெட்டப்பட்டு, மரம் தலமரமாகக் கோயிலுக்குள் ஒதுங்கிய பிறகு, மறைந்த காட்டுக்கு வேதமும் தவமும் விளக்கமாயின. ஒரு வகையில் இக்கதைகள்தான் காட்டைக் காப்பாற்றின. தலமரம் என்ற வழக்கம் இல்லாவிட்டால் திருவேற்காட்டின் வேலமரத்தை இன்று எங்கே போய்த் தேடுவது?

அம்பத்தூர் கடினமான கணக்கு. சக்தி தலங்களில் ஐம்பத்தொன்றாவது ஊர் என்பதால் ஐம்பத்தூர் ஆகி, அம்பத்தூர் ஆயிற்று என்று சொல்கிறார்கள். பேச்சில் ஐம்பது அம்பதாகிறது என்பதும் ‘ஐம்பத்து’ என்ற வடிவம் ஊர் என்பதோடு இயல்பாகச் சேரும் என்பதும் உண்மை. ஆனால் ஐம்பத்தொன்றிலிருந்த ‘ஒன்று’ எங்கே போயிற்று? கதையின் உயிரே அந்த ஒன்றில்தான் இருக்கிறது. பெயரில் அது இல்லை. தவிர, திருமுல்லைவாயல் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, உத்தம சோழனின் தாயான செம்பியன் மாதேவி அம்பத்தூரில் நிலம் வாங்கிக் கோயிலுக்கு வழங்கியதைப் பதிவு செய்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் அம்பத்தூர்தான். அந்தக் காலத்தில் தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது. இப்பகுதி புழல் கோட்டத்தில் அடங்கும். நிலம், ஏரி, வரி, சபை என்று உலகியல் பேசும் ஆவணத்தில் வருகிற பெயர் அது. ஆவடிக்கும் இதே அளவுகோலை வைக்க வேண்டும். முதலெழுத்துக் கதையை மறுத்த கையோடு ‘ஆ’ என்றால் பசு, ‘அடி’ என்றால் இடம், பசுக்கள் நின்ற இடம் ஆவடி என்று முடித்துவிடுகிறார்கள். ஆ, அடி இரண்டும் சேர்ந்தால் ஆவடி என்று வருவது இலக்கணப்படி சரி. ஆனால் ஆலடி, புளியடி, வேம்படி என்று மரத்தோடு சேரும் ‘அடி’ பசுவோடு சேர்வது வழக்கத்துக்கு மாறானது. புணர்ச்சி விதி ஒத்துவருவது ஒரு வாய்ப்பைக் காட்டும், நடந்ததை நிறுவாது. தமிழ் வேர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் சான்று தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

பூந்தமல்லியில் பெயர்க்கதையும் மனிதர் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பூவில் தோன்றிய தாயார் இருக்கும் ஊர் பூவிருந்தவல்லி. தாயாரின் திருநாமம் புஷ்பவல்லி. ஊரின் மகனான திருக்கச்சி நம்பி நாள்தோறும் பூத்தொடுத்துக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு சென்றார். முதுமையில் அவரால் நடக்க முடியாதபோது பெருமாளே இங்கு வந்து காட்சி தந்தார். பூவிருந்தவல்லி தேய்ந்து பூந்தமல்லி ஆயிற்றா, பூந்தமல்லிக்குப் பொருள் தேடிப் பூவிருந்தவல்லி என்று விரித்தார்களா என்பதில் இரு பக்கமும் வாதிடலாம். ஆனால் புஷ்பவல்லி என்ற வடமொழித் திருநாமம் ஊர்ப்பெயரின் பொருளை அப்படியே ஏந்தியிருப்பது, பெயர் முந்தியது என்பதற்கே துணை நிற்கிறது. திருக்கச்சி நம்பியோ வரலாற்று மனிதர். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். ராமானுஜருக்காகப் பெருமாளிடம் ஆறு விடைகள் பெற்றுத் தந்தவர். அந்தணரல்லாத அவரைத் தம் குருவாக மதித்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ராமானுஜர் விரும்பினார் என்பதை வைணவ மரபு மறைக்காமல் போற்றிச் சொல்கிறது. பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நாள்தோறும் போய் வந்தார் என்பதைப் பக்தியின் மிகையாகக் கொண்டாலும், பூ விளையும் ஊரையும் கோயில் நகரத்தையும் இணைத்த சாலை மிகையன்று. 1639-இல் ஆங்கிலேயர் கடற்கரையில் இடம் கேட்டபோது, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டுதான் இப்பகுதியைக் கவனித்தார். அவர்கள் தந்தை சென்னப்பரின் பெயரே சென்னப்பட்டினத்துக்கு வந்தது. மாநகருக்குப் பெயர் தந்த குடும்பத்தின் ஆட்சி இருக்கை இந்தப் பூ ஊர். இன்றைய பெங்களூரு நெடுஞ்சாலை நம்பி நடந்த திசையில்தான் போகிறது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நம்பிக்கையைப் புண்படுத்தும் என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை மதித்தே விடை சொல்ல வேண்டும். தலபுராணம் மொழியியல் நூலாக எழுதப்படவில்லை. இந்த மண் ஏன் வணங்கத் தக்கது என்பதே அதன் கேள்வி. முல்லைக்கொடியின் சொல்லிலக்கணத்தைக் கேட்டு யாரும் கொடியிடை நாயகி முன் நிற்பதில்லை. வெட்டுப்பட்டும் அருளிய தெய்வம் என்ற எண்ணம், தவறு செய்தவனுக்கும் மன்னிப்புண்டு என்ற ஆறுதல் ஆகியவை பெயர் முந்தியதா பிந்தியதா என்பதால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வேறு சிலர் மறுபக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: பதிகமும் கல்வெட்டும் கிடைத்த காலத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும், கதையே அதைவிடப் பழையதாக இருக்கலாமே? இருக்கலாம்தான். எழுத்துச் சான்று ஒரு பெயரின் பிறந்தநாளைத் தருவதில்லை. இந்தக் காலத்துக்குப் பிந்தியதன்று என்று மட்டுமே சொல்கிறது. கதைக்கும் அதே வரையறைதான். அதனால்தான் ஒற்றைக் கதையை உண்மை என்று முடிசூட்டாமல், பெயர் இன்ன காலத்தில் இன்ன வடிவில் இருந்தது, கதை இன்ன காலத்தில் இன்னாரால் சொல்லப்பட்டது, பிறகு இப்படி மாறியது என்று அடுக்கிச் சொல்வதே நேர்மையான முறை. சான்டோரினிக்குக் கல்லிஸ்டே, தேரா என்று பழைய பெயர்கள் உண்டென்று சொன்னால் எந்தக் கிரேக்கரும் தீவை இழந்துவிடுவதில்லை. தீவின் ஆழம்தான் கூடுகிறது.

இதில் அவசரமும் இருக்கிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஊர்களுக்குள் இருந்த தோப்புப் பெயர்கள், மேட்டுப் பெயர்கள், ஏரிக்கரைப் பெயர்கள் மேல் நகர்களும் அடுக்ககங்களும் புதுப் பெயரோடு எழுகின்றன. 2020 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எந்த வடிவம் சரி என்று ஆணையிடுமுன், எந்த வடிவம் எந்தக் காலத்தில் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். ரா.பி.சேதுப்பிள்ளை ‘ஊரும் பேரும்’ நூலில் தமிழகம் முழுதும் தழுவித் தொடங்கி வைத்த வேலை, ஊர்தோறும் நுணுக்கமாகத் தொடரப்பட வேண்டியது. கோயில் சுவரில் கல்வெட்டுகள் இருக்கின்றன; வருவாய்த் துறையில் பழைய நில ஆவணங்கள் இருக்கின்றன; வயலின் பெயரையும் ஓடையின் பெயரையும் வாயால் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் மூன்றாவது மட்டும் காத்திருக்காது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரின் கதையை எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில் வருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து எழுதப் பழக்கினால் போதும். முதலெழுத்துக் கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். முல்லைக்கொடியும் மனக்கோயிலும் பூக்கூடையும் தத்தம் காலத்தின் சாட்சிகளாக நிலைக்கும். பெயரைப் பெயருக்குரிய சான்றாலும், கதையைக் கதை சொன்ன காலத்தாலும் அளக்கக் கற்ற ஊர், இரண்டையுமே இழக்காது.